இரண்டு வாரத்தில் படிப்பு நின்றுபோவது குறித்து

புதிய அட்டவணை எதுவும் போட வேண்டாம். விட்ட பாடத்தையே இன்றிரவு பத்து நிமிடம் மட்டும் தொடருங்கள். களுவாஞ்சிகுடியிலிருந்து கல்முனைக்கு வேலைக்குப் போய்வந்து, போட்டிப் பரீட்சைக்காக இரவில் மூன்று மணி நேரம் படிக்கத் திட்டமிடுவதாகவும், ஒரு நாள் தவறியதும் எல்லாமே குலைந்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

உங்களிடம் ஊக்கம் குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. களைத்து வரும் உடல் தாங்காத அளவைத் திட்டத்தில் வைத்ததும், தவறிய ஒரு நாளைத் தோல்வியாக எண்ணியதுமே காரணமாக இருக்கலாம். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை வைத்து நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகப் படிய ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை ஆகும் என்று கணிக்கப்பட்டது. இடையில் ஒரு நாள் விடுபட்டது அதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே இரண்டு வாரத்தில் உங்களை நீங்களே மதிப்பிடுவது அநியாயம்.

ஒரு வாரம் இதைச் சோதித்துப் பாருங்கள்:

1. காலையில் புறப்படுமுன், அன்று செய்யவேண்டிய கடந்தகால வினாத்தாளை உரிய பக்கத்தில் மடித்து, பேனையுடன் மேசைமேல் வையுங்கள்.

2. "முகம் கழுவித் தேநீர் குடித்ததும் ஐந்து வினாக்கள் செய்வேன்" என்று, குறித்த நேரத்தையல்ல, அன்றாடச் செயல் ஒன்றைத் தொடர்ந்து படிப்பு வரும்படி முடிவெடுங்கள்.

படிப்பில் மட்டுமன்றி உணவு, உறக்கம், நண்பர்கள் என எதிலும் நாட்டமின்றி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், இந்த வழி போதாது. வைத்தியரைப் பாருங்கள், அல்லது 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்துடன் பேசுங்கள்.