ரயிலடி கேள்வி–பதில்: ரயில் கம்பெனியை நடத்திய வக்கீல்

(ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் பதில் அளிக்கிறார்)

என் மகள் சட்டம் படிக்கிறாள். ரயில் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் எஞ்சினியரிங் படித்தவர்கள்தான் ரயில் கம்பெனியில் மேலே வர முடியும் என்கிறார்கள் உறவினர்கள். வக்கீல் யாராவது அப்படி வந்ததுண்டா?
– ஒரு வாசகர், அரக்கோணம்

வந்திருக்கிறார் ஐயா. அதுவும் இரண்டு கம்பெனிகளுக்குத் தலைவராக. அமெரிக்காவின் கிரஹாம் கிளேட்டரைப் பற்றி மகளிடம் சொல்லுங்கள்.

1912-ல் வர்ஜீனியா மாநிலத்தின் ரோனோக்கில் பிறந்தவர். ரயில்வே பணிமனையால் வளர்ந்த ஊர் அது. ஹார்வர்டில் சட்டம் முடித்ததும் நீதிபதி லேர்னட் ஹேண்டிடமும், பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதி லூயிஸ் பிராண்டைஸிடமும் உதவியாளராக இருந்தார். பிராண்டைஸ், ரயில் கம்பெனிகளின் ஏகபோகத்தை எதிர்த்துப் போராடிப் பெயர் வாங்கியவர். அங்கே கற்றவரே பின்னாளில் ரயில் கம்பெனிக்குத் தலைவரானார்!

இடையில் போர் வந்தது. 1945 ஆகஸ்டில் பசிபிக் கடலில் 'செசில் டாயில்' என்ற போர்க்கப்பலுக்கு கிளேட்டர்தான் கேப்டன். 'இண்டியானாபொலிஸ்' என்ற பெரிய கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்து நாட்கள் கடந்தும் மேலிடத்தில் யாருக்கும் தெரியவில்லை. கடலில் ஆட்கள் மிதப்பதாக விமானத்திலிருந்து சேதி வந்ததும், உத்தரவுக்குக் காத்திராமல் கிளேட்டர் கப்பலைத் திருப்பினார். இரவில் நெருங்கியபோது தேடு விளக்கைப் போடச் சொன்னார். எதிரி நீர்மூழ்கி அருகில் இருந்தால் தன் கப்பலே இலக்காகிவிடும் என்று தெரிந்துதான் அதைச் செய்தார். தண்ணீரில் தத்தளித்தவர்களுக்கு உதவி வந்துவிட்டது என்ற நம்பிக்கையைத் தந்தது அந்த வெளிச்சம். சுமார் 1,200 பேரில் 316 பேர்தான் பிழைத்தார்கள். மேலிடத்து உத்தரவு வரட்டும் என்று கைகட்டி நின்றவர்களை என் சர்வீஸில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த மனிதர் மேல் எனக்கு இத்தனை மரியாதை.

போர் முடிந்ததும் மறுபடி வக்கீல் தொழில். 1963-ல் சதர்ன் ரயில்வேயில் சட்டப் பிரிவின் துணைத் தலைவராகச் சேர்ந்தார். (நம் தெற்கு ரயில்வே அல்ல, இது அமெரிக்கத் தனியார் கம்பெனி.) 1967-ல் கம்பெனிக்கே தலைவர். பத்து வருடம் நடத்தினார். பிறகு கடற்படைச் செயலாளர், பாதுகாப்புத் துறைத் துணைச் செயலாளர் என்று அரசுப் பதவிகள். 1982-ல், 70 வயதில், அமெரிக்காவின் அரசுப் பயணிகள் ரயில் கம்பெனியான ஆம்ட்ராக்கின் தலைமை.

தனியார் கம்பெனி, நஷ்டம் தரும் பயணிகள் ரயிலை ஏன் ஓட்ட வேண்டும்?
– ஒரு வாசகி, விழுப்புரம்

நல்ல கேள்வி அம்மா. அமெரிக்காவில் ரயில் கம்பெனிகளுக்குச் சரக்குதான் சோறு போடுகிறது. பயணிகள் வண்டிகளின் நஷ்டம் தாங்காமல்தான் 1971 மே 1 முதல் அவற்றை நடத்த ஆம்ட்ராக் என்ற அமைப்பை அரசு உருவாக்கியது. கம்பெனிகள் ஒரு தொகையைக் கட்டிவிட்டுக் கைகழுவலாம். ஏறக்குறைய எல்லோரும் அப்படியே செய்தார்கள். கிளேட்டர் சேரவில்லை. தன் தண்டவாளத்தில் தன் வண்டியைத் தானே நன்றாக ஓட்ட முடியும் என்று நினைத்தார்.

வாஷிங்டனிலிருந்து அட்லாண்டா வழியாக நியூ ஆர்லியன்ஸ் போகும் 'சதர்ன் கிரெசண்ட்' அவருடைய செல்ல வண்டி. பச்சை வண்ணம் பூசிய இன்ஜின்கள், துணி விரித்த மேஜையோடு டைனிங் கார், தூங்கும் பெட்டிகள். காசு வராத வண்டியை அழுக்காக ஓட்டி, ஜனங்களே வெறுத்து ஒதுங்கிய பிறகு 'ஆளே ஏறுவதில்லை' என்று நிறுத்துவது அந்தக் காலத்தில் பல கம்பெனிகளின் வழி. அதைச் செய்ய மறுத்தாரே, அது சாதாரண விஷயமில்லை. ஆனாலும் நஷ்டம் நஷ்டம்தான். அவர் கம்பெனியை விட்டுப் போனபின், 1979 பிப்ரவரியில் அந்த வண்டி ஆம்ட்ராக்கிடம் போனது. இன்றும் 'கிரெசண்ட்' என்ற பெயரில் நியூயார்க் வரை ஓடுகிறது.

அவருக்கு இன்ஜின் ஓட்டத் தெரியுமா?
– ஒரு மாணவர், திருச்சி

தெரியும் தம்பி. அவர் காலத்தில் சதர்ன் கம்பெனி பழைய ஸ்டீம் இன்ஜின்களைப் பராமரித்துச் சுற்றுலா வண்டிகள் விட்டது. தலைவரே ஏறி ஓட்டியதும் உண்டு. வீட்டில் பொம்மை ரயில்களும் ஏராளம். அவருடைய தம்பி ராபர்ட் கிளேட்டர் போட்டிக் கம்பெனியான நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்னின் தலைவர்! 1982-ல் இரண்டு கம்பெனிகளும் இணைந்தபோது புதிய கம்பெனிக்கும் ராபர்ட்டே தலைவரானார்.

ஆம்ட்ராக்கை லாபத்துக்குக் கொண்டுவந்தாரா?
– ஒரு வாசகர், மதுரை

இல்லை. ஆனால் அது மூடப்படாமல் காப்பாற்றினார். ரீகன் அரசு ஆம்ட்ராக்குக்கு ஒரு டாலரும் தரக்கூடாது என்று பட்ஜெட்டிலேயே முன்மொழிந்தது. கிளேட்டர் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கமிட்டிகள் முன் போய் உட்கார்ந்து, கணக்கைக் காட்டி வாதாடினார். வக்கீல் படிப்பு அங்கேதான் கைகொடுத்தது. இன்னொரு பக்கம் வருமானத்துக்கு வழி தேடினார்: தபால் ஏற்றினார், தண்டவாள ஓரமாகக் கண்ணாடி இழைக் கேபிள் போட இடம் வாடகைக்கு விட்டார், நகரங்களின் புறநகர் ரயில்களைக் காண்ட்ராக்டில் ஓட்டினார். அவர் வந்தபோது செலவில் ஏறக்குறைய பாதியைத்தான் சொந்த வருமானம் ஈடுகட்டியது. 1993 கடைசியில் ஓய்வு பெறும்போது முக்கால் பங்குக்கு மேல். அடுத்த ஆண்டு மே மாதம் காலமானார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. 2000-ஆம் ஆண்டுக்குள் நடைமுறைச் செலவுக்கு மானியமே வேண்டாத நிலைக்கு வந்துவிடலாம் என்று அவர் சொல்லியிருக்க வேண்டாம். அதற்கு ஈடாக, பெட்டியும் இன்ஜினும் வாங்க, பெட்ரோல் வரியில் கேலனுக்கு ஒரு சென்ட் ஒதுக்கும்படி கேட்டார். அந்த ஒரு சென்ட் கடைசிவரை வரவில்லை. ஆனால் 2002-க்குள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று 1997-ல் ஆம்ட்ராக்குக்குச் சட்டமே போட்டார்கள். அது நடக்கவில்லை. கேட்ட பணத்தைக் கொடுக்காமல், சொன்ன இலக்கை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கெடுவால் அவருக்குப் பின் வந்தவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.