பிஆர் முதலா, கார் முதலா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரில் இபியில் (நிபுணர்களுக்கான வேலை பாஸ்) வேலை செய்கிறேன். பிஆருக்கு (நிரந்தரவாசத் தகுதி) விண்ணப்பித்திருக்கிறேன். முடிவு வந்த பிறகுதான் கார் வாங்க வேண்டுமா?
– வாசகர், செங்காங்

காத்திருக்கத் தேவையில்லை. செல்லுபடியாகும் பாஸும் ஃபின் எண்ணும் (வெளிநாட்டவரின் அடையாள எண்) இருந்தால் உங்கள் பெயரிலேயே கார் பதிவாகும். கார் வைத்திருந்தால் பிஆர் சீக்கிரம் கிடைக்கும் என்று காப்பிக்கடையில் சொல்வார்கள்; அப்படி ஒரு விதியும் கிடையாது.

ஆனால் பிஆர் கிடைத்ததும் கையில் வரும் சம்பளம் குறையும். இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. 55 வயது வரை உள்ளவருக்கு மத்திய சேமநிதிப் (கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பு) பிடித்தம் முதல் ஆண்டு 5%, இரண்டாம் ஆண்டு 15%, மூன்றாம் ஆண்டு முதல் 20%. பிடித்தம் கணக்கிடும் மாதச் சம்பள வரம்பு 2026 முதல் 8,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அந்தச் சம்பளக்காரருக்கு முதல் ஆண்டில் மாதம் 400 வெள்ளி பிடிப்பார்கள், மூன்றாம் ஆண்டில் அதுவே 1,600. இபி சம்பளத்தை வைத்து ஏழு ஆண்டுத் தவணை போட்டவருக்கு நடுவழியில் மூச்சு முட்டுவது இதனால்தான். தவணையை மூன்றாம் ஆண்டுச் சம்பளத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

காரின் விலையையும் பிரித்துப் பாருங்கள். ஓஎம்வி (இறக்குமதியின்போது சுங்கத்துறை மதிப்பிடும் விலை) 25,000 வெள்ளி என்றால் சுங்கத் தீர்வை 20%, அதாவது 5,000. இரண்டும் சேர்ந்த தொகைக்கு 9% ஜிஎஸ்டி 2,700. ஏஆர்எஃப் (கூடுதல் பதிவுக் கட்டணம்), ஓஎம்வியில் முதல் 20,000க்கு 100%, அடுத்த 5,000க்கு 140%, ஆக 27,000. பதிவுக் கட்டணம் 350. மொத்தம் 60,050 வெள்ளி. சிஓஇயும் (10 ஆண்டுக்குக் கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) விற்பனையாளரின் லாபமும் இதில் இன்னும் சேரவில்லை. 2023 அக்டோபரிலேயே 'ஏ' பிரிவு (சிறிய கார்) சிஓஇ 106,000 வெள்ளியைத் தொட்டது. ஓஎம்வி 20,000ஐத் தாண்டிய காருக்கு விலையில் 60% வரைதான் கடன் கிடைக்கும். 20,000 அல்லது அதற்குள் என்றால் 70%. மீதியைக் கையிலிருந்து போட வேண்டும்.

பாஸ் புதுப்பிப்பு நிச்சயமில்லாதவர் புதுக் கார் பக்கமே போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து. சிஓஇ இரண்டு மூன்று ஆண்டுகள் மீதமுள்ள பழைய காரைப் பாருங்கள். வாங்கும் விலையிலிருந்து, பதிவு நீக்கும்போது திரும்பக் கிடைக்கும் தொகையைக் கழித்து, மீதி ஆண்டுகளால் வகுத்தால் வருவதுதான் உண்மையான ஆண்டுச் செலவு. திரும்பும் ஏஆர்எஃப் விழுக்காடு கார் பதிவான தேதியைப் பொறுத்து மாறும். விற்பவர் வாயால் சொல்லும் எண்ணை நம்பாமல் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் தளத்தில் அந்த வண்டியின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் வாகனச் சோதனை நிலையங்களான விக்காம் அல்லது எஸ்டிஏவில் சோதித்துவிடுங்கள். முன் கண்ணாடியும் முன் கதவுக் கண்ணாடிகளும் 70% வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். பின்பக்கக் கண்ணாடிகளுக்கு 25% போதும். கறுப்பு ஒட்டுத்தாள், மாற்றிப் போட்ட புகைக்குழாய், 1.6 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்த டயர் ஆகியவற்றால் சோதனையில் தோற்கும் வண்டிகள் ஏராளம்.

ஜோகூர் பதிவெண் கார் வைத்திருக்கிறேன். தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருகிறேன். பிஆர் கிடைத்துவிட்டது. அதே காரில் வரலாமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

வரக்கூடாது. பிஆர் ஆன பிறகு வெளிநாட்டுப் பதிவெண் காரைச் சிங்கப்பூருக்குள் ஓட்ட முடியாது. நீங்கள் ஜோகூரிலேயே குடியிருந்தாலும் இதே விதிதான். வேலை பாஸில் உள்ளவர் சிங்கப்பூரில் தங்கியிருந்தால் அவருக்கும் தடை உண்டு. பிடிபட்டால் அபராதத்தோடு போகாது. விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடலாம்.

தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. இங்கே மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டுமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

காருக்குத் தேவையில்லை. அடிப்படை எழுத்துத் தேர்வில் தேர்ச்சி பெற்று உரிமத்தை மாற்றிக்கொள்ளலாம். 12 மாதத்துக்கு மேல் இங்கே தங்கினால் மாற்றியே ஆக வேண்டும். தேர்வுக்குத் தேதி கிடைக்கத் தாமதமாகும், அதனால் வந்த சில மாதங்களிலேயே முன்பதிவு செய்யுங்கள். 50 கேள்விகள், 45 சரியாக இருக்க வேண்டும். தமிழிலும் எழுதலாம்.

இருபது ஆண்டு ஓட்டியவர்களும் கோட்டை விடுவது சாலைக் கோடுகளில்தான். ஒற்றை மஞ்சள் கோடு இருந்தால் காலை 7 முதல் மாலை 7 வரை நிறுத்தக்கூடாது. ஞாயிறும் பொது விடுமுறையும் விலக்கு. இரட்டை மஞ்சள் கோட்டில் எந்நேரமும் நிறுத்தக்கூடாது. ஒற்றை வளைகோட்டில் ஆளை ஏற்றி இறக்க மட்டும் நிற்கலாம், இரட்டை வளைகோட்டில் அதுவும் கூடாது. பாஸ் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் 3சி வகுப்பு உரிமம்தான் கிடைக்கும். அதை வைத்துச் சரக்கு வேன் ஓட்ட முடியாது. நண்பரின் கடை வேனை இரவல் வாங்கி வீடு மாற்றும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

சிங்கப்பூர் காரில் ஜோகூர் போக என்ன வேண்டும்?
– வாசகர், ஈசூன்

புறப்படும்போது தொட்டியில் முக்கால் பங்கு எரிபொருள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாவடியிலேயே திருப்பி அனுப்புவார்கள், 500 வெள்ளி வரை அபராதமும் உண்டு. மலேசியாவின் விஇபி (வாகன நுழைவு அனுமதி) வில்லையை முன்கூட்டியே பதிவுசெய்து ஒட்டிவிடுங்கள். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத காருக்கு 300 ரிங்கிட் அபராதம். அங்கே ரான்95 வகைப் பெட்ரோல் போடாதீர்கள், வெளிநாட்டுக் கார்களுக்கு அது கிடையாது.

பாஸ் ரத்தாகப் போகிறது. காரை எப்படி முடிப்பது?
– வாசகர், புங்கோல்

முதலில் வங்கியிடம் கடனை முடிக்கும் தொகையை எழுத்தில் கேளுங்கள். ஏழு ஆண்டுக்கு 2.5% என்று விளம்பரத்தில் போடும் வட்டி, தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கும் கணக்கிடுவது; உண்மையில் ஆண்டுக்குச் சுமார் 4.7%. முன்கூட்டி முடித்தால் அபராதமும் சேரும். நீங்கள் நினைத்ததைவிடப் பாக்கி அதிகமாக இருக்கும். பிறகு இரண்டு மூன்று வணிகர்களிடம் விலை கேட்டு, ஏற்றுமதி செய்பவரின் விலையையும் ஒப்பிடுங்கள். உரிமை மாற்றத்துக்கு உங்கள் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைக் கணக்கு) தேவை, அதனால் விமானம் ஏறும் முன்பே அதை முடித்துவிடுங்கள். காப்புறுதியில் மீதிப் பணம் திரும்பும். இழப்பீடு கோராததற்கான போனஸ் தள்ளுபடிக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள், அடுத்த நாட்டில் சில நிறுவனங்கள் அதை ஏற்கும். வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மாதாந்திரக் கார் நிறுத்தச் சீட்டு தானாக ரத்தாகாது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.