மும்மயச் சிப்பிகளால் இனப்பெருக்கம் செய்யவே முடியாதா?

மும்மயச் சிப்பி என்பது, வழக்கமான இரண்டுக்குப் பதிலாக மூன்று தொகுதி குரோமோசோம்கள் கொண்ட சிப்பி. அதனால் இனப்பெருக்கம் அறவே முடியாது என்று சொல்லிவிட இயலாது. மிக அரிதாகவே முடியும் என்பதே சரியான விடை.

பசிபிக் சிப்பியின் உடல் செல்லில் 10 இணைகளாக 20 குரோமோசோம்கள் உள்ளன. மும்மயச் சிப்பியில் ஒவ்வொன்றும் மும்மூன்றாக மொத்தம் 30 இருக்கும். முட்டையும் விந்துவும் உருவாவதற்காகக் குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பின்போது இந்த மூன்றில் இரண்டு ஒரு பக்கமும் ஒன்று மறுபக்கமும் செல்ல நேர்கிறது. எந்தப் பக்கம் இரண்டு என்பதற்கு ஒழுங்கில்லாததாலும், இத்தகைய பத்து மும்மூன்றுகளும் தனித்தனியே இவ்வாறு பிரிவதாலும், இனச்செல்லுக்குச் (முட்டை அல்லது விந்து) சராசரியாக 15 குரோமோசோம்கள் வந்து சேர்கின்றன. அத்தகைய முட்டை, 10 குரோமோசோம்கள் கொண்ட இயல்பான விந்துடன் கூடினால் கருவில் ஏறத்தாழ 25 இருக்கும். அத்தகைய கருக்களில் பெரும்பாலானவை இளம் பருவத்திலேயே மடிந்துவிடும். (நாம் உண்ணும் வாழைப்பழங்கள் பலவற்றில் விதை இல்லாததற்கும் மும்மயம் ஒரு காரணம்.)

மும்மயச் சிப்பிகளை உருவாக்கும் விதம் இது: சிப்பியின் முட்டை, குன்றல் பகுப்பை முடிக்காமலேயே வெளிவந்து, கருவுற்ற பிறகே இரண்டு துருவ உடலங்களை (மிகுதிக் குரோமோசோம்களைச் சுமந்து வெளியேறும் சிறு செல்களை) வெளித்தள்ளுகிறது. இரண்டாவதை வேதிப்பொருளாலோ வெப்பத்தாலோ தடுத்தால், ஒரு தொகுதி குரோமோசோம்கள் கூடுதலாக உள்ளேயே தங்கி, சிப்பி மும்மயமாகிவிடும். இம்முறையில் சில, மும்மயமாகாமல் இரண்டு தொகுதிகள் மட்டுமே கொண்ட இயல்பான இருமயங்களாகத் தப்பிவிடுவதுண்டு. நான்கு தொகுதிகள் கொண்ட நான்மய ஆணை இருமயப் பெண்ணுடன் சேர்த்தால் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

கோடையில் இருமயச் சிப்பியைத் திறந்தால், இனச்செல்கள் நிறைந்து பால்போல் குழைந்திருக்கும். மும்மயத்தில் இனச்செல்கள் அவ்வளவாக உருவாகாததால், அதன் சதை பெரும்பாலும் இறுகியே இருக்கும்.