ரஸ்டில் ஜிடிகே4-சிஸ் கிரேட்டை நேரடியாகப் பயன்படுத்தினால், பட்டனை அழுத்தியதும் செக்மென்டேஷன் ஃபால்ட் வருவது ஏன்?

ஜிடிகே என்பது விண்டோ, பட்டன் போன்றவற்றைக் காட்டும் சி மொழி நூலகம். அதன் ஃபங்ஷன்களை ரஸ்டிலிருந்து அப்படியே கூப்பிட உதவும் தொகுப்பு (கிரேட்) ஜிடிகே4-சிஸ். விண்டோ ஒழுங்காகத் திறந்து, அழுத்திய பிறகுதான் தவறான நினைவக முகவரியைத் தொட்டு புரோகிராம் விழுகிறது என்றால், முதலில் சிக்னலை (‘பட்டன் அழுத்தப்பட்டது’ போன்ற அறிவிப்பை) உங்கள் ஹேண்ட்லரோடு, அதாவது அப்போது ஓட வேண்டிய ஃபங்ஷனோடு, இணைத்த வரியைப் பாருங்கள்.

சி மொழியில் எல்லோரும் எழுதும் ஜி_சிக்னல்_கனெக்ட் ஒரு மேக்ரோ. சிஸ் கிரேட்களில் அது கிடையாது. ஆறு ஆர்கியுமென்ட் கேட்கும் ஜி_சிக்னல்_கனெக்ட்_டேட்டாவைத்தான் கூப்பிட வேண்டும். ஹேண்ட்லரை டிரான்ஸ்மியூட் செய்து (டைப்பை வலுக்கட்டாயமாக மாற்றி) கொடுக்கிறோம் அல்லவா, அதோடு கம்பைலரின் டைப் சோதனை முடிந்தது. ‘கிளிக்டு’ ஹேண்ட்லருக்கு முதலில் பட்டனின் பாயின்டர் வரும், அடுத்துதான் உங்கள் டேட்டா. ஒரே ஆர்கியுமென்ட் வைத்து எழுதியிருந்தால், பட்டனையே உங்கள் ஸ்ட்ரக்ட் என்று எண்ணிப் படிக்கும்.

அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் நாலாவது ஆர்கியுமென்ட், அதாவது டேட்டா. ஆக்டிவேட் ஃபங்ஷனுக்குள் இருக்கும் லோக்கல் வேரியபிளின் முகவரியைக் கொடுத்திருப்பீர்கள். விண்டோவைக் காட்டியதும் அந்த ஃபங்ஷன் முடிந்து, வேரியபிளும் போய்விடும். பயனர் அழுத்துவது அதற்குப் பிறகு. டேட்டாவை பாக்ஸில் (ஃபங்ஷன் முடிந்தாலும் இருக்கும் ஹீப் நினைவகத்தில்) போட்டு, இன்டூ_ரா மூலம் வெறும் பாயின்டராக்கிக் கொடுங்கள். ஐந்தாவது ஆர்கியுமென்ட்டை நல் என்று விடாமல், ஃப்ரம்_ரா மூலம் அதை மீண்டும் பாக்ஸாக்கி விடுவிக்கும் ஒரு ஃபங்ஷனைக் கொடுங்கள். அது டேட்டா, குளோஷர் என இரண்டு பாயின்டர் வாங்க வேண்டும்.

லேபிள் எழுத்துகள் குப்பையாக வந்தால் காரணம் சிஸ்ட்ரிங், அதாவது சி மொழிக்குக் கொடுக்க ரஸ்ட் உருவாக்கும் சரம். தற்காலிகமாக உருவாக்கி அதன் பாயின்டரை மட்டும் லெட்டில் பிடித்து வைத்தால், அந்த வரி முடிந்ததுமே சரம் அழிந்துவிடும். சிஸ்ட்ரிங்கையே ஒரு வேரியபிளில் வையுங்கள். மாறாத சரம் என்றால் ரஸ்ட் 1.77 முதல் உள்ள சி-சர லிட்டரல் போதும். தமிழையும் அப்படியே எழுதலாம், இரு பக்கமும் யுடிஎஃப்-8 தான்.

பட்டன் போன்ற புதிய விட்ஜெட் ஃப்ளோட்டிங் ரெஃபரன்ஸோடு (இன்னும் யாரும் உரிமை எடுக்காத நிலையில்) வரும். செட்_சைல்டு செய்ததும் விண்டோ அதை எடுத்துக்கொள்ளும், நீங்கள் அன்ரெஃப் செய்து (ரெஃபரன்ஸை விட்டு) விடக்கூடாது. எடிட்டபிள்_கெட்_டெக்ஸ்ட் தரும் சரத்தை விடுவிக்காதீர்கள். கெட்_சார்ஸ் தருவதை ஜி_ஃப்ரீயால் விடுவியுங்கள். அதைச் சிஸ்ட்ரிங்கின் ஃப்ரம்_ராவுக்குக் கொடுத்துவிடாதீர்கள், நினைவகத்தை ஒதுக்கிய அலோகேட்டர் வேறு. ஆவணத்தில் ‘டிரான்ஸ்ஃபர் நன்’ (விடுவிக்கும் பொறுப்பு உங்களுடையதல்ல), ‘டிரான்ஸ்ஃபர் ஃபுல்’ (உங்களுடையது) என்ற குறிப்பைப் பார்க்காமல் எதையும் விடுவிக்க வேண்டாம்.

கால்பேக்குக்குள் (ஜிடிகே கூப்பிடும் உங்கள் ஹேண்ட்லருக்குள்) ரஸ்ட் பிழையால் பேனிக் ஆனால், ரஸ்ட் 1.81 முதல் மொத்த புரோகிராமும் உடனே நின்றுவிடும் (அபார்ட்). கேட்ச்_அன்வைண்ட் போட்டு அந்தப் பேனிக்கை உள்ளேயே பிடித்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், முழு இடைமுகத்தையும் சிஸ்ஸில் எழுதத் தேவையே இல்லை. சிஸ்ஸுக்கு மேல் பாதுகாப்பாக அமைந்த ஜிடிகே4 கிரேட்டிலேயே எழுதி, அதில் இல்லாத ஃபங்ஷனுக்கு மட்டும் டு_ஜிலிப்_நன் மூலம் சி பாயின்டரை எடுத்து சிஸ்ஸுக்குக் கீழே இறங்குங்கள்.