இங்கிலாந்தில் பணக்காரர்கள் கோட்டை மாதிரிக் கட்டிய வீடுகள் நிஜக் கோட்டைகளா, வெறும் ஜோடனையா?

பெரும்பாலும் ஜோடனைதான். பீரங்கி பலம் பெற்ற பிறகு உயரமான கல் மதிலுக்குப் போரில் பழைய மதிப்பு இல்லை. ஆனாலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அங்கே கோட்டை மோகம் பிடித்து ஆட்டியது. பழைய பிரபுக்களும் சரி, புதுப் பணக்காரர்களும் சரி, வீட்டு உச்சியில் பல் பல்லாகக் கைப்பிடிச் சுவர், மூலைக்கு ஒரு வட்டக் கோபுரம் என்று வைத்துக்கொண்டார்கள். உள்ளே போனால் பியானோவும் சோபாவும்தான்.

இவற்றில் ஒரே ஒரு வீட்டைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். அதை நேரில் பார்த்திருக்கிறேன். ஜோடனை என்ற சொல்லை அவ்வளவு சுலபமாக ஒட்ட முடியாத வீடும் அதுதான். டெவன் மாவட்டத்தில், டார்ட்மூர் மேட்டுநிலத்தின் ஓரத்தில், டீன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே நிற்கும் கேஸில் ட்ரோகோ. 1911இல் தொடங்கி 1930இல்தான் வேலை முடிந்தது. இங்கிலாந்தில் கட்டிய கடைசிக் கோட்டை என்று அதைச் சொல்வார்கள். ஆகாய விமானம் பறக்க ஆரம்பித்த பிறகு கோட்டை கட்டிய மனுஷன் யார் என்றால், ஒரு மளிகைக் கடைக்காரர்.

பெயர் ஜூலியஸ் ட்ரூ. பதினெட்டு வயதில் தேயிலை வாங்குவதற்காகச் சீனாவுக்கு அனுப்பப்பட்டவர். திரும்பி வந்து 1878இல் லிவர்பூலில் ஒரு தேயிலைக் கடை போட்டார். அப்புறம் ஜான் மஸ்கர் என்பவரோடு சேர்ந்து லண்டனில் 'ஹோம் அண்ட் கொலோனியல் ஸ்டோர்ஸ்' தொடங்கினார். இடைத்தரகர் இல்லாமல் நேராக வாங்கி மலிவாக விற்பது என்ற சூத்திரம் பிய்த்துக்கொண்டு ஓடியது, ஊருக்கு ஊர் கிளைகள் முளைத்தன. 33 வயதில் அன்றாட வியாபாரத்திலிருந்து ஒதுங்கி உட்காரும் அளவுக்குச் சொத்து சேர்ந்துவிட்டது.

பணம் வந்தாயிற்று, பரம்பரை? அதற்கும் ஆள் கிடைத்தார். வம்சாவளி ஆராயும் ஒருவர், நீங்கள் 12ஆம் நூற்றாண்டு நார்மன் பிரபு (பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த கூட்டம்) ட்ரோகோவின் வழிவந்தவர் என்று சொல்லிவிட்டார். அந்த ட்ரோகோவின் பெயரில்தான் ட்ரூஸ்டெய்ன்டன் என்ற கிராமமே இருக்கிறது. போதாதா? 1910இல் அந்தக் கிராமத்துக்குப் பக்கத்தில் சுமார் 450 ஏக்கர் வாங்கினார். தன் பெயரின் கடைசியில் ஆங்கில 'இ' எழுத்து ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது, ஆனால் அங்கே அந்த ஓர் எழுத்து பழைய குடும்பத்து வாடையைக் கொடுத்துவிடும். இந்த வம்சக் கதையை நான் ஒரு பைசாவுக்கு நம்பவில்லை. அவர் நம்பினார். 1911 ஏப்ரல் 4, தன்னுடைய 55ஆவது பிறந்தநாளில், முன்னோர் மண் என்று அவர் நினைத்த அந்தக் குன்றில் அடிக்கல் நாட்டினார்.

வடிவமைத்தவர் பெயர் உங்களுக்குத் தெரிந்ததுதான்: எட்வின் லுட்யன்ஸ். அடுத்த வருஷமே புதுதில்லி வேலையும் அவர் கைக்கு வந்தது. இன்றைய ராஷ்டிரபதி பவனும் இந்தக் கோட்டையும் ஒரே காலத்தில் அவர் மேஜையில் கிடந்த வரைபடங்கள். ஆனால் லுட்யன்ஸுக்குக் கோட்டையில் மனசு ஒட்டவில்லை. இந்த ஆள் கோட்டை கேட்காமல், நல்ல பெரிய அறைகளோடு ஆசையாக இருக்க ஒரு வீடு கேட்டிருக்கலாமே என்ற பொருளில் மனைவிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கட்டடத்துக்கு 50,000 பவுண்டு, தோட்டத்துக்கு 10,000 பவுண்டு என்று கணக்குப் போட்டார்கள். முதல் வரைபடம் முற்றத்தைச் சுற்றி மூன்று பக்கமும் எழும்பும் பிரம்மாண்டம். அது வெட்டி வெட்டிக் குறைந்து, இப்போது நிற்பது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. நுழைவாயில் கோபுரம் ஒன்றையாவது காப்பாற்றலாம் என்று லுட்யன்ஸ் அதை மரத்தில் முழு அளவில் நிறுத்திக் காட்டினார். ட்ரூ அசையவில்லை.

அளவில் விட்டுக்கொடுத்த ட்ரூ, நிஜத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவர் வேண்டாம், பழங்காலக் கோட்டையைப் போல முழுக்க முழுக்கக் கிரானைட்டாகவே இருக்க வேண்டும் என்றார். கூரை தட்டையாக இருக்க வேண்டும். வெளிப்பக்கம் மழைநீர்க் குழாய் ஒன்றுகூடக் கண்ணில் படக் கூடாது. ஜன்னலுக்குக் கீழே தண்ணீரை வெளியே தள்ளிவிடும் படிக்கல்லும் கிடையாது. நார்மன் காலத்துப் பிரபு ஜன்னலுக்குப் படிக்கல் வைத்தாரா என்ன?

இதற்கு நடுவே முதல் உலகப் போர் வந்தது. கொத்தனார்கள் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். மூத்த மகன் ஆட்ரியன் 1917இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் செத்துப்போனான். யாருக்காக வம்சத்தைத் தேடிப் பிடித்துக் கோட்டை எழுப்பினாரோ அந்த வாரிசே இல்லை. அம்மா அவனுடைய பள்ளி, கல்லூரிப் பொருள்களை ஓர் அறையில் சேர்த்து வைத்தார். சின்ன அறைதான், இன்றும் இருக்கிறது. கூட்டமாகப் பேசிக்கொண்டு வருபவர்கள் அந்த வாசலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

கட்டடம் நிற்கவில்லை. போருக்குப் பிறகு கல் வைக்கும் வேலை பெரும்பாலும் இரண்டே கொத்தனார்கள் கையில். கடைசிக் கல் 1925 டிசம்பரில் ஏறியது. உள்வேலை முடிய இன்னும் ஐந்து வருஷம். 1931இல் ட்ரூ போய்ச் சேர்ந்தார். கோட்டையில் அவர் வாழ்ந்தது அவ்வளவு கொஞ்சம்.

நான் போனது சில வருஷங்களுக்கு முன்பு, ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவோடு. அவர் நாற்பது வருஷம் கட்டட மேஸ்திரி. வாசலுக்கு மேலே செதுக்கிய சிங்கத்தையோ, நிஜமாகவே ஏறி இறங்கும் கம்பிக்கதவையோ அவர் கண்டுகொள்ளவில்லை. சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மேலே போகப் போக உள்நோக்கிச் சரியும் கல்வரிசையைத் தலை சாய்த்துப் பார்த்து, "வேலைக்காரன்யா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதெல்லாம் சரிப்பா, மழைத்தண்ணி எந்த வழியா எறங்குது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை 1911இலேயே யாராவது அழுத்திக் கேட்டிருக்கலாம். டார்ட்மூரில் மழை மேலிருந்து மட்டும் வராது, காற்றோடு படுக்கையாக வந்து அறையும். வெயிலுக்கும் குளிருக்கும் கல்லும் கான்கிரீட்டும் விரிந்து சுருங்க, தட்டைக் கூரைமேல் பூசிய அஸ்பால்ட் என்ற தார்க் கலவை ஈடுகொடுக்க முடியாமல் வெடித்தது. சுவருக்குள் இடைவெளி இல்லாததால் சாந்து இடுக்கில் புகுந்த தண்ணீர் நேரே அறைக்குள் இறங்கியது. வேலை முடிவதற்கு முன்பே ஒழுக ஆரம்பித்து, பேரன் காலத்திலும் ஒழுகிக்கொண்டே இருந்தது. 1974இல் குடும்பத்தார் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பிடம் வீட்டைக் கொடுத்தார்கள். அந்த அமைப்பு ஏற்ற முதல் 20ஆம் நூற்றாண்டுக் கட்டடம் இது. கூடவே ஒழுகலும் கைமாறியது.

ஒட்டுப்போட்டுப் பார்த்து அலுத்து, 2013இல் பெரிய வேலையாகத் தொடங்கினார்கள். செலவு 1 கோடி பவுண்டுக்கு மேல். மொத்தக் கட்டடத்தையும் சாரத்தால் மூடி, மேலே இருந்த 2,355 கிரானைட் கற்களை, ஏறக்குறைய 680 டன், ஒவ்வொன்றாகக் கழற்றி இறக்கி, கூரைக்குப் புது நீர்காப்புப் படலம் போட்டு, கற்களைத் திரும்ப அதே இடத்தில் ஏற்றினார்கள். 913 ஜன்னல்களைச் சீர்செய்தார்கள். கல் இடுக்குகளில் பழைய சாந்தைச் சுரண்டிப் புதுச் சாந்து அடைத்த நீளம் 60 கிலோமீட்டருக்கு மேல்! அப்பாவிடம் இதைச் சொன்னபோது, கூலிக் கணக்கு போடுகிறவர் மாதிரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: கேஸில் ட்ரோகோவில் சந்தேகத்துக்கு இடமானது அந்த முன்னோர் கதைதான். கல் அசல். அந்தக் கல் அசலாக இருந்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம்தான் வீட்டை நனைய வைத்தது. ஓட்டுக் கூரைக்கு முன்னால் ஒப்புக்குப் பல்வரிசைச் சுவர் வைத்துக்கொண்டவர்கள், என்னைக் கேட்டால், கெட்டிக்காரர்கள்.

நாங்கள் உள்ளே இருந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. மாடிப்படி வழியாக இறங்கி வரும்போது அப்பா ஒரு பெரிய ஜன்னலுக்கு அடியில் நின்றார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, உள்ளங்கையைக் கல்லில் பதித்து, கல் இடுக்கை விரலால் ஒரு முறை தடவி, வேட்டியில் துடைக்கப் போய், பேன்ட் போட்டிருப்பது நினைவுக்கு வந்து நிறுத்தினார்.

"காஞ்சுதான் இருக்கு" என்றார்.