அவள் ஏன் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பி.டி. ஆசிரியர். பதினோரு வருட சர்வீஸ். எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி. கிரவுண்டைச் சுற்றி ஓடச் சொன்னால் பாதி ரவுண்டு ஓடுவாள், மூச்சு வாங்கத் தொடங்கியதும் அப்படியே உட்கார்ந்துவிடுவாள். சோம்பேறித்தனம் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன். தண்டனையாக இன்னொரு ரவுண்டும் ஓட விட்டிருக்கிறேன். போன மாதம் டிரில்லில் வரிசை கோணலாக இருந்தது. பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்து நேராக நிறுத்தினேன். அலறிக்கொண்டு கீழே விழுந்துவிட்டாள். வீட்டில் ஏதோ சரியில்லை என்று வகுப்பாசிரியை அப்புறம் சொன்னார். அவருக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. அவளுக்கு விளையாட்டிலிருந்து மொத்தமாக விலக்கு கொடுத்துவிடலாமா? கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்கலாமா? ஒருமுறை, "சார், ஸ்டாப்வாட்சை நான் பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள். போய் ஓடு என்று சொல்லிவிட்டேன். அது இப்போது உறுத்துகிறது.

– பெயர் வெளியிட வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

விலக்கு கொடுக்க வேண்டாம். துருவிக் கேட்கவும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

ஓடும்போது நெஞ்சு படபடக்கிறது, மூச்சு இரைக்கிறது, உடம்பு வேர்க்கிறது. பயத்திலும் உடம்பு இதையேதான் செய்கிறது. அடிபட்டோ அதைவிட மோசமானதைப் பார்த்தோ வளரும் பிள்ளைக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். இது ஓடியதால் வந்த படபடப்பு என்று மனசுக்குத் தெரியும் முன்பே, ஆபத்து வந்துவிட்டது என்று உடம்பு முடிவு செய்துவிடும். உங்கள் மாணவி மூச்சு வாங்கிய உடனே உட்கார்வது இதனால் இருக்கலாம். (ஆஸ்துமா, ரத்தசோகை இருக்கிறதா என்பதையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள். அந்த வயதுப் பெண்பிள்ளைகளிடம் ரத்தசோகை சாதாரணமாகக் காண்பது.)

அப்படியென்றால் அவளுக்கு ஓட்டம் கெடுதலா? இல்லை. படபடப்பு வரும், வந்தால் தானாக அடங்கும் என்பதை அவள் உடம்பு பாதுகாப்பான ஓர் இடத்தில் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கிரவுண்டைவிட நல்ல இடம் அதற்குக் கிடைக்காது. விலக்கு கொடுத்தால் அந்த இடத்தையும் அவளிடமிருந்து எடுத்துவிடுகிறோம். முழு ரவுண்டு வேண்டாம். கொடிக்கம்பத்திலிருந்து மரத்தடி வரை ஓடுங்கள், நில்லுங்கள், நெஞ்சில் கை வைத்து அடங்குகிறதா என்று பாருங்கள், திரும்பும்போது ஓடுவதும் நடப்பதும் உங்கள் இஷ்டம். இதை வகுப்பு முழுக்கச் சொல்லுங்கள். அவளை மட்டும் தனியாகப் பிரித்தால் மற்ற பிள்ளைகள் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அமெரிக்காவில் பெஸ்ஸல் வான் டெர் கோல்க் என்ற மனநல மருத்துவரின் குழு 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பழைய வன்முறையின் அதிர்ச்சி ஒரு மனநோயாகவே (பி.டி.எஸ்.டி. என்பார்கள்) நாள்பட்டுத் தொடர்ந்த 64 பெண்கள், பத்து வாரம். யோகா செய்தவர்களில் பாதிப் பேருக்குச் சற்று மேல், அந்த நோய்க்கான வரையறையிலிருந்தே வெளியே வந்திருந்தார்கள். யோகாவுக்குப் பதிலாகப் பெண்கள் நலம் பற்றிய வகுப்புக்குப் போன குழுவில் அது ஐந்தில் ஒரு பங்குதான். அவர்கள் வயது வந்தவர்கள் என்பதால் இதை அப்படியே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர முடியாது. எனக்கு முக்கியமாகப் படுவது அங்கே யோகா சொல்லிக்கொடுத்த விதம். ஆசிரியர் தொட்டுத் திருத்துவதில்லை. 'கையைத் தூக்கு' என்பதில்லை, 'விருப்பம் இருந்தால் தூக்கிப் பாருங்கள்' என்பார்கள். எந்த நேரமும் நிறுத்திக்கொள்ளலாம்.

நம் ஊரில் யோகா தினத்தன்று நானூறு பிள்ளைகளைப் படுக்க வைத்து, கண்ணை மூடு, அசையாதே என்கிறோம். சில பிள்ளைகளுக்கு மல்லாந்து படுத்துக் கண்ணை மூடுவதுதான் இருப்பதிலேயே பயங்கரமான காரியம். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், உட்கார்ந்தே இருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

விசிலும் அப்படித்தான். நான் ஏழாம் வகுப்பு படித்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் விசில் சத்தம் கேட்டால் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொள்வான். நாங்கள் எல்லோரும் அதைச் செய்துகாட்டிச் சிரித்தோம். அவன் அப்பா அவனை எப்படி அடித்தார் என்பது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் அவனிடம் மன்னிப்புக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. 'இப்போ விசில் அடிக்கப் போறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஊதுங்கள். தொட வேண்டியிருந்தால் முன்னால் வந்து நின்று கேளுங்கள். வேண்டாம் என்றால் நீங்கள் நின்று காட்டுங்கள், அதைப் பார்த்து அவள் நிற்பாள்.

தண்டனை ரவுண்டை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள், ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுத்த பிறகு அதை விளையாட்டு என்று எந்தப் பிள்ளை நம்பும்?

இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த 1996இல் மட்டக்களப்பில், போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து வந்தார்கள். களிமண், ஓவியம், கதை, விளையாட்டு. ஈழத்தமிழில் 'மனவடு' என்று ஒரு சொல் உண்டு. காயம் ஆறினாலும் தழும்பு நிற்கும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அந்தத் தழும்போடுதான் அவர்கள் விளையாடினார்கள்.

அவளாக வந்து ஏதாவது சொன்னால் முழுக்கக் கேளுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது பாலியல் கொடுமை என்றால், அப்படி ஒரு சந்தேகம் வந்தாலே, காவல்துறையில் தெரிவிக்கும் கடமை 2012 போக்சோ சட்டப்படி உங்களுக்கு உண்டு. வேறு எந்தக் கொடுமை என்றாலும் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடலாம். சொல்லவே இல்லையா, பரவாயில்லை. நான் மேலே எழுதிய எதற்கும் அவள் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஸ்டாப்வாட்சை அடுத்த பீரியடிலேயே அவளிடம் கொடுங்கள். கிரவுண்டை விட்டுப் போகாமல் அங்கேயே இருக்க அவளே கண்டுபிடித்த வழி அது. ஹெச்.எம். கேட்டால் டைம் கீப்பர் என்று சொல்லுங்கள். ஆண்டு விழா டிரில்லில் ஒரு வரிசையில் ஓர் ஆள் குறைந்தாலும் பரவாயில்லை. ஒன்றிரண்டு மாதம் கழித்து எழுதுங்கள், காத்திருப்பேன்.