பேட்டிங் வரலன்னு பையன நிறுத்திடாதீங்க

சகோ, பையன் ஃபீல்டிங்ல கலக்குறான், ஆனா பேட்டிங் வராததால பேஸ்பாலே வேணாங்குறான்னு எழுதியிருந்தீங்க, படிச்சதும் மனசு கேக்கல. அவனுக்கு அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் ஓஸி ஸ்மித் பத்தி சொல்லுங்க. ஷார்ட்ஸ்டாப், அதாவது ரெண்டாவது பேஸுக்கும் மூணாவது பேஸுக்கும் நடுவுல நிக்கிற ஃபீல்டர். 19 சீசன் ஆடி மொத்தமே 28 ஹோம் ரன்தான் (பந்த வேலிக்கு வெளிய தூக்கி அடிக்கிறது), 1981ல பேட்டிங் ஆவரேஜ் வெறும் .222 (பத்து தடவைக்கு ரெண்டு தடவ மாதிரிதான் ஹிட்), ஆனா 1980லேருந்து 1992 வரைக்கும் வரிசையா 13 கோல்ட் க்ளவ், அதாவது சிறந்த ஃபீல்டருக்கான வருஷ விருது, வாங்கின மனுஷன்!

1978ல, முதல் சீசன்லயே, இடப்பக்கம் டைவ் அடிக்கும்போது பந்து எகிறி பின்னாடி போக, அத வெறுங்கையால பிடிச்சு எழுந்து எறிஞ்சு அவுட் பண்ணுவாரு பாருங்க, அந்த வீடியோவ ரெண்டு பேரும் சேந்து பாருங்க, எனக்கு இன்னும் புல்லரிக்கும்.

பேட்டிங்கும் பின்னாடி வந்துச்சு. கார்டினல்ஸ் டீம்ல ஆடும்போது அதோட மேனேஜர் (தலைமை கோச்) வைட்டி ஹெர்சாக் அவர்கிட்ட பந்தயம் கட்டினாரு, தரையோட அடிச்சா நான் ஒரு டாலர் தரேன், தூக்கி அடிச்சா நீ எனக்குக் குடுன்னு. 1987ல ஒரு ஹோம் ரன் கூட இல்லாம .303 அடிச்சு எம்விபி (சீசனோட மதிப்புமிக்க ஆட்டக்காரர்) ஓட்டுல ரெண்டாவது வந்தாரு. 2002ல ஜாம்பவான்களுக்கான பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல இடம், அதுவும் முதல் வாய்ப்புலயே.

நீங்களும் அந்தப் பந்தயத்த பையன்கூட கட்டிப் பாருங்க, அப்படியே கோச்கிட்ட ஷார்ட்ஸ்டாப் இல்லாட்டி செகண்ட் பேஸ்ல ஃபீல்டிங் இடம் கேளுங்க.